20 குதிரை, 2 நிமிடம், 3.6 கிலோ லென்ஸ்: கென்டக்கி டெர்பியைப் படம் பிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2022 மே 7, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். கென்டக்கி டெர்பி பந்தயம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. எபிசென்டர், ஸாண்டன் என்ற இரண்டு குதிரைகள் முன்னால் முட்டி மோதிக்கொண்டு வருகின்றன. பந்தயம் கட்டியவர்கள் அதிகம் நம்பியிருந்த குதிரைகள் இவை. இரண்டில் எது ஜெயிக்கும் என்பதுதான் அந்த நொடியில் எல்லோருக்கும் இருந்த கேள்வி.

நீங்கள் அங்கே கேமராவோடு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் எங்கே இருக்கும்? இந்த இரண்டு குதிரைகள் மேலேதான். இரண்டு முகம், இரண்டு ஜாக்கி, நடுவில் தெறிக்கும் மண். செம ஃப்ரேம்!

ஆனால் ஜெயித்தது அந்த ஃப்ரேமில் இல்லாத மூன்றாவது குதிரை. பெயர் ரிச் ஸ்ட்ரைக். முந்தைய நாள் காலை வரை இந்தப் பந்தயத்திலேயே அதற்கு இடமில்லை. வேறொரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் 30,000 டாலருக்குக் கைமாறியிருந்தது. அதன் மேல் கட்டிய ஒரு டாலருக்கு 80 டாலர் லாபம் என்ற நிலை. அதாவது, யாருமே நம்பவில்லை. பின்வரிசையில் இருந்து கிளம்பி, கூட்டத்துக்குள் சந்து பொந்தெல்லாம் புகுந்து, உள் வேலியை ஒட்டி வந்து, கடைசியில் முக்கால் குதிரை நீள வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டியது.

தொலைக்காட்சி வர்ணனையிலேயே அந்தப் பெயர் கடைசி நொடிகளில்தான் அடிபட்டது. கேமராக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரியும்?

குதிரைப் பந்தயப் புகைப்படம் என்றதும், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வெள்ளையாக, பீரங்கி மாதிரி, கழுத்தெலும்பை முறிக்கிற கனத்தில் ஒன்று. ஆனால் இழுத்துக் காட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, சரியான நொடியில் பின்வாங்கி, அகலமாகக் காட்டுவது. அந்த வசதிக்காகத்தான் இத்தனை கிலோவைச் சுமக்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கென்டக்கி டெர்பி 1875-ல் தொடங்கியது. மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கும். 3 வயதுக் குதிரைகள் மட்டும் ஓடும், அதிகபட்சம் 20. தூரம் ஒன்றேகால் மைல், நம் கணக்கில் 2,012 மீட்டர். 1973-ல் செக்ரடேரியட் என்ற குதிரை 2 நிமிடத்துக்கும் குறைவாக, 1 நிமிடம் 59.4 நொடியில் ஓடியது. அந்தச் சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது. மற்றபடி பெரும்பாலும் 2 நிமிடம் சொச்சம்.

சராசரியாகப் பார்த்தால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். 100 மீட்டர் தள்ளி இருக்கும் குதிரை 20 மீட்டர் பக்கத்தில் வர 5 நொடிகூட ஆகாது. ஒரு வாட்ஸ்அப் மெசேஜைப் படித்து முடிப்பதற்குள் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

இதில் ஒரு சின்னச் சலுகை உண்டு. சர்ச்சில் டவுன்ஸ் ஓடுபாதையின் ஒரு சுற்று 1 மைல். பந்தயம் அதைவிடக் கால் மைல் அதிகம். அதனால் குதிரைகள் கேலரி முன்னால் இரண்டு தடவை ஓடும். கதவு திறந்து ஓடத் தொடங்கியதும் ஒரு தடவை, சுற்றி வந்து முடிக்கும்போது இன்னொரு தடவை. முதல் தடவை கடப்பது போட்டோகிராஃபருக்கு ஒத்திகை மாதிரி. வெளிச்சம் எப்படி விழுகிறது, மண் எவ்வளவு தெறிக்கிறது, எந்தக் குதிரை எந்த நிறச் சட்டை எல்லாவற்றையும் ஒரு கண்ணோட்டம் விடலாம். 2022-ல் அந்த ஒத்திகையும் சட்டென்று முடிந்துபோனது. முதல் கால் மைலை முன்னணிக் குதிரை 21.78 நொடியில் ஓடியது. டெர்பி வரலாற்றில் அவ்வளவு வேகமான தொடக்கம் அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு குதிரைகள் எதிர்ப்பக்கம் போய்விடும். திரும்பி வந்து கடைசி வளைவைத் தாண்டியதும் நேர்பாதை. நீளம் சுமார் 376 மீட்டர். ஓடி முடிக்க 23, 24 நொடி. ஒரு வருட வேலைக்குப் பலன் இந்த 24 நொடிக்குள்தான்.

ஜூம் எதுக்கு?

விளையாட்டுப் புகைப்படத்தில் 400 மி.மீ, 600 மி.மீ என்று ஒரே குவியத் தூரம் உள்ள லென்ஸ்கள்தான் பிரபலம். கிரிக்கெட்டுக்கு அது சரி. பேட்ஸ்மேன் நிற்கும் இடம் மாறாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நிதானமாக எடுக்கலாம். குதிரை அப்படியில்லை. உங்களை நோக்கியே ஓடி வரும்.

சாதாரண ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 400 மி.மீ லென்ஸ் போட்டால், 100 மீட்டர் தூரத்தில் 9 மீட்டர் அகலம் படத்தில் விழும். மூன்று நான்கு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் வருவதற்கு அருமையான அகலம். அதே லென்ஸில் குதிரை 20 மீட்டர் பக்கத்தில் வந்துவிட்டால்? படத்தில் விழுவது 1.8 மீட்டர் மட்டுமே. ஒரு பந்தயக் குதிரையின் நீளமே சுமார் 2.4 மீட்டர். அப்போது மூக்கும் பிடரியும் கிடைக்கும், வால் கிடைக்காது. பக்கத்தில் வரும் குதிரையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அங்கேதான் ஜூம் வேண்டும். 120 மி.மீ-க்குக் குறைத்தால் அதே 20 மீட்டரில் 6 மீட்டர் அகலம் கிடைக்கும். குதிரை முழுசாக இருக்கும், ஜாக்கி இருப்பார், வேலியோரமாக யாராவது புகுந்தால் அதுவும் விழும்.

இதற்கென்றே சில லென்ஸ்கள் உண்டு. கேனான் 2013-ல் கொண்டுவந்த 200-400 மி.மீ, எஃப் 4 லென்ஸ் ஒன்று. எடை 3.62 கிலோ. அதன் உள்ளேயே 1.4 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடித் தொகுதி இருக்கிறது. ஒரு நெம்புகோலைத் தட்டினால் 560 மி.மீ ஆகிவிடும். குதிரைகள் எதிர்ப்பக்கம் ஓடும்போது தட்டி உள்ளே விடலாம், வளைவு திரும்பியதும் தட்டி வெளியே எடுக்கலாம். நிகான் 2020-ல் விட்ட 120-300 மி.மீ, எஃப் 2.8 லென்ஸ் 3.25 கிலோ. கேனான் 2023-ல் மிரர்லெஸ் கேமராக்களுக்காக விட்ட 100-300 மி.மீ, எஃப் 2.8 லென்ஸ் 2.59 கிலோ. இது எடை குறைந்துவிட்டதாகக் கொண்டாடப்பட்டது! விலை அப்போது 9,499 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 7.8 லட்சம் ரூபாய். எடை மட்டும்தான் குறைந்தது.

ஏன் இவ்வளவு கனம்?

காரணம் கண்ணாடி. லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. 300 மி.மீ-ஐ 2.8-ஆல் வகுத்தால் 107 மி.மீ. அதாவது வெளிச்சம் நுழையும் வாசல் 10 சென்டிமீட்டருக்கும் அதிகம். முன் கண்ணாடி அதைவிடச் சிறியதாக இருக்க முடியாது. அந்த அளவில் கண்ணாடி, பின்னால் இன்னும் பல அடுக்குகள், அவற்றை நகர்த்தும் மோட்டார், எல்லாவற்றையும் அசையாமல் பிடிக்கும் உலோகக் கூடு. கிலோ கணக்கில் போகாமல் என்ன செய்யும்?

உங்கள் கையில் இருக்கும் போனோடு ஒப்பிடலாமா? ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் 5 மடங்கு டெலிஃபோட்டோ இருக்கிறது. அது 120 மி.மீ லென்ஸுக்கு இணையான பார்வைக் கோணம். மேலே சொன்ன கணக்குப்படி, 20 மீட்டரில் ஒரு குதிரையை முழுசாக அடக்க அது போதும். இதில் போனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் வெளிச்சம் நுழையும் வாசல் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். வெயிலில் சமாளிக்கும். மழை மேகம் கவிந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், அல்லது குதிரையின் கால்கள் புகையாகிவிடும்.

டெர்பியில் மழை அபூர்வமும் இல்லை. 2018, 2019, 2025 மூன்று ஆண்டுகளிலும் சேற்றில்தான் ஓடினார்கள். போட்டோகிராஃபர்களைக் கேட்டால் சேறு வேண்டும் என்பார்கள். ஜாக்கியின் முகத்தில் அப்பிய சேறு, அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் காகிள்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டுவது, குதிரையின் மார்பில் வழியும் மண். நல்ல வெயில் நாளில் இது எதுவும் கிடைக்காது. வெளிச்சம் குறையும்போது படமும் நன்றாக வருகிறது, எடுப்பதும் கஷ்டமாகிறது. எஃப் 2.8-க்குக் கொடுக்கும் காசும் கனமும் அந்த நாளுக்காகத்தான்.

வெயில் நாளிலும் ஒரு வம்பு உண்டு. சர்ச்சில் டவுன்ஸின் பழைய கேலரியில் மாலை வெயில் பார்வையாளர்களின் கண்ணில் நேராக அடித்தது. அதனால் 1895-ல், இன்று அடையாளமாகிவிட்ட இரட்டைக் கோபுரத்தோடு, எதிர்ப்பக்கத்தில் புதுக் கேலரி கட்டினார்கள். பார்வையாளர்களுக்கு நிம்மதி. ஆனால் டெர்பி ஓடுவது மாலை 7 மணியை ஒட்டி. அப்போது கேலரியின் நிழல் ஓடுபாதைப் பக்கமாக நீண்டுகிடக்கும். பாதி வெயில், பாதி நிழல். அதற்குள் ஓடும் 20 குதிரைகள்.

கை என்ன செய்யும்?

3.6 கிலோ லென்ஸ், அதோடு ஒன்றரைக் கிலோ கேமரா. மொத்தம் 5 கிலோ. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து வீடு வரை நடக்கலாம். அதில் பிரச்சினை இல்லை. அதே பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓடும் குதிரையின் வேகத்துக்கு இடுப்பைத் திருப்பிக்கொண்டே, இடது கையால் ஒரு வளையத்தையும் திருக வேண்டும். வலது கை ஆள்காட்டி விரல் ஷட்டரில். இதை நாள் முழுக்கச் செய்ய வேண்டும். டெர்பி அன்று மொத்தம் 14 பந்தயங்கள்.

அதனால் பலர் மோனோபாட் வைத்துக்கொள்வார்கள். ஒற்றைக்கால் கம்பு, அவ்வளவுதான். கனம் முழுக்கத் தரைக்குப் போய்விடும். இடது கைக்கு ஜூம் வளையம் மட்டுமே வேலை. மூன்று கால் டிரைபாட் இங்கே சரிப்படாது. வேலியோரம் தோளோடு தோள் இடிக்க நிற்கும் கூட்டத்தில் அதை விரிக்கவே இடமிருக்காது. தவிர, உடம்போடு சேர்ந்து சட்டென்று திரும்பவும் முடியாது.

லென்ஸின் நீளமும் முக்கியம். விலை குறைந்த பல ஜூம்கள், திருகத் திருகக் குழாய் மாதிரி நீளும். கனம் முன்னால் சாய்ந்து, பிடி தடுமாறும். மேலே சொன்ன மூன்று லென்ஸ்களும் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும். வெளியே நீளம் மாறாது, எடை இருக்கும் இடமும் பெரிதாக மாறாது. 400-ல் இருந்து 200-க்கு வரும்போது மோனோபாட் மேல் லென்ஸ் தலை குனியாது. கடையில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாத விஷயம்; கடைசி 5 நொடியில் உயிர் காக்கும்.

கேனானின் பெரிய லென்ஸ்கள் ஏன் வெள்ளை என்பதும் பலரது சந்தேகம். பந்தாவுக்காக இல்லை. வெயிலில் உள்ளே இருக்கும் கண்ணாடிகள், குறிப்பாக ஃபுளோரைட் படிகங்கள், சூடேறி விரிந்தால் ஃபோகஸ் நகரும். வெள்ளை நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். பந்தாவும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அது வேறு விஷயம்.

‘ஃபோகஸைக் கேமராவே பார்த்துக்கொள்ளுமே?’ என்று கேட்கலாம். பார்த்துக்கொள்ளும். கேனான் 2022-ல் விட்ட ஆர்6 மார்க் 2 கேமராவில் குதிரையை அடையாளம் கண்டு பின்தொடரும் வசதியே இருக்கிறது. ஆனால் 20 குதிரைகளில் எந்தக் குதிரையைப் பின்தொடர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அன்று யாராவது எபிசென்டர் மீது ஃபோகஸைப் பூட்டியிருந்தால், கேமரா விசுவாசமாக எபிசென்டரையே பிடித்துக்கொண்டு வந்திருக்கும். தோற்ற குதிரையின் மிகக் கூர்மையான படம் கிடைத்திருக்கும்.

எந்த நொடி?

ஷட்டர் வேகம் அடுத்த தலைவலி. குதிரையின் உடல் நொடிக்கு 16, 17 மீட்டர் நகர்கிறது. ஆனால் காலின் கணக்கு வேறு. தரையில் ஊன்றிய குளம்பு அந்த நொடியில் அசையாமல் நிற்கிறது; அடுத்து முன்னால் வீசும்போது அது உடலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும். நொடிக்கு 34 மீட்டர் என்று வைத்தால், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே குளம்பு 3.4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் எடுக்கும்போது முகம் கல்லில் செதுக்கியது மாதிரி இருந்தும் கால் மட்டும் கலங்கித் தெரிவது இதனால்தான். 2,000-ல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகம் வைப்பது பாதுகாப்பு.

வேண்டுமென்றே 30-ல் ஒரு பங்கு, 60-ல் ஒரு பங்கு என்று மெதுவாக்கி, குதிரையோடு சேர்த்து லென்ஸைத் திருப்புபவர்களும் உண்டு. ஜாக்கியின் முகம் மட்டும் தெளிவாக, பின்னணி முழுக்க வண்ணக் கோடுகளாக வரும். பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். இறுதிக் கோட்டில் யாரும் இந்த விஷப் பரீட்சையில் இறங்க மாட்டார்கள். எதிர்ப்பக்கம் ஓடும்போது வேண்டுமானால் முயற்சிக்கலாம்.

ஓடும் குதிரை நொடிக்கு இரண்டு தாவலுக்கு மேல் தாவும். ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். 1821-ல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை வரைந்தார். அதில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களை பின்னாலும் நீட்டிப் பறக்கின்றன. எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 1878-ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஸாலி கார்ட்னர் என்ற குதிரையைப் படம் பிடித்தபோது உண்மை தெரிந்தது. நான்கு கால்களும் தரையில் இல்லாத கணத்தில், அவை வயிற்றுக்குக் கீழே மடங்கித்தான் இருக்கின்றன.

இன்றைய கேமராக்கள் நொடிக்கு 20 படம் எடுக்கும். ஒரு தாவலுக்கு எட்டு படமாவது தேறும். அதில் கால் மடங்கிய படம் ஒன்று, கால் நீண்ட படம் ஒன்று. செய்தி அறைகள் பெரும்பாலும் எதைத் தேர்ந்தெடுக்கும்? முன்னங்கால் நீண்டு, கழுத்து முன்னால் தள்ளியிருப்பதைத்தான். மைபிரிட்ஜ் நிரூபித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நம் கண்ணுக்கு இன்னும் ஜெரிக்கோவைத்தான் பிடித்திருக்கிறது.

டெலிஃபோட்டோ சொல்லும் பொய்

இப்போது 2024-க்கு வருவோம். 150-வது டெர்பி. மிஸ்டிக் டேன், சியரா லியோன், ஜப்பானில் இருந்து வந்த ஃபாரெவர் யங் மூன்றும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டன. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒரு மூக்கு வித்தியாசம்; இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இன்னொரு மூக்கு. முடிவு வரும்வரை மிஸ்டிக் டேனின் ஜாக்கி பிரையன் ஹெர்னாண்டஸுக்கே தான் ஜெயித்தது உறுதியாகத் தெரியாது.

இப்படிப்பட்ட முடிவில் பெரிய லென்ஸை நம்பக் கூடாது. கோட்டைத் தாண்டி 150 மீட்டர் தள்ளி நின்று, குதிரைகளை நேருக்கு நேர் எடுக்கிறீர்கள். ஒரு குதிரை மற்றொன்றைவிட முழுசாக ஓர் உடல் நீளம், 2.4 மீட்டர், பின்னால் இருக்கிறது. படத்தில் இரண்டுக்கும் அளவு வித்தியாசம் 2 சதவீதம்கூட வராது. பார்ப்பவருக்கு இரண்டும் சமமாக ஓடுவதாகத்தான் தெரியும். அதே காட்சியை 20 மீட்டரில் நின்று எடுத்தால் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டும். கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும். உண்மையில் தவறு லென்ஸுடையது இல்லை, நிற்கும் தூரத்துடையது. ஆனால் அவ்வளவு தூரத்தில் நின்று எடுக்க வைப்பது லென்ஸ்தானே!

முன்னால் தனியாக ஓடிய குதிரையைக்கூட ‘கடும் போட்டி’ ஆக்கிவிட முடியும் என்பது இதன் இன்னொரு பக்கம். அதனால்தான் படத்துக்குக் கீழே எழுதும் ஒரு வரி விளக்கத்தில், எத்தனை நீள வித்தியாசத்தில் வெற்றி என்று தெளிவாகப் போட வேண்டியிருக்கிறது.

வெற்றியை முடிவு செய்யும் போட்டோ ஃபினிஷ் கேமரா வேறு ஜாதி. அது முழுக் காட்சியைப் பார்ப்பதே இல்லை. இறுதிக் கோட்டை மட்டும், ஒரு மெல்லிய செங்குத்துப் பிளவு வழியாக, தொடர்ந்து பதிவு செய்யும். படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிவது இடம் இல்லை, நேரம். ஹாலிவுட்டில் வேலை பார்த்த லொரென்ஸோ டெல் ரிச்சியோ உருவாக்கிய இந்த வகைக் கேமரா 1937-ல் கலிஃபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

லென்ஸே இல்லாமல் கிடைத்த படம்

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1933 மே 6. அதே சர்ச்சில் டவுன்ஸ். லூயிவில் கூரியர்-ஜர்னல் பத்திரிகையின் போட்டோகிராஃபர் வாலஸ் லவ்ரி, இறுதிக் கோட்டுக்கு அருகே உள் வேலிக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்திருந்தார். ப்ரோக்கர்ஸ் டிப், ஹெட் ப்ளே இரண்டு குதிரைகளும் நெருக்கியடித்து வருகின்றன. அவர் ஷட்டரை அழுத்தினார்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. ஜாக்கிகள் டான் மீடும் ஹெர்ப் ஃபிஷரும் குதிரை ஓட்டவில்லை, ஒருவரையொருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்! ‘சண்டை ஃபினிஷ்’ என்றே அந்தப் படத்துக்குப் பெயர் வந்துவிட்டது. ப்ரோக்கர்ஸ் டிப் ஒரு மூக்கு வித்தியாசத்தில் ஜெயித்ததாக நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்த்து அறிவித்தார்கள். இரண்டு ஜாக்கிகளுக்கும் 30 நாள் தடை. ப்ரோக்கர்ஸ் டிப் தன் வாழ்நாளில் ஜெயித்த ஒரே பந்தயம் அதுதான்.

லவ்ரி கிடந்த இடத்தில் இன்று மனிதர்கள் படுப்பதில்லை. கேமராக்கள் படுத்திருக்கின்றன. பந்தயத்துக்கு முன்பே வேலிக்கடியில் அகன்ற லென்ஸ் போட்ட கேமராக்களை வரிசையாகப் பொருத்தி, ஃபோகஸை இறுதிக் கோட்டில் பூட்டிவிட்டு வந்துவிடுவார்கள். தூரத்தில் நிற்பவர் பெரிய லென்ஸில் ஷட்டரை அழுத்தும்போது, ரேடியோ அலை வழியாக இவையும் சேர்ந்து இயங்கும். குளம்பு தெறிக்கும் மண்ணில் சில சமயம் லென்ஸ் முழுக்க மூடிப்போகும். ஆனாலும் வேலியோரம் புகுந்து வரும் ஒரு ரிச் ஸ்ட்ரைக்கைத் தவறவிடாது. கையில் இருக்கும் 3.6 கிலோவுக்கு இது காப்பீடு.

ஃப்ளாஷ் மட்டும் கூடவே கூடாது. முகத்தில் வெளிச்சம் அடித்தால் குதிரை மிரளும். 450, 500 கிலோ மிருகம் 60 கிலோமீட்டர் வேகத்தில் மிரண்டால், மேலே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைக்குட்டையை உதறுவது, குடையை விரிப்பது, வேலிக்கு மேல் லென்ஸை நீட்டுவது எல்லாமே அதே ரகம். பெரிய லென்ஸின் இன்னொரு நியாயம் இது: குதிரைக்கு அருகே போகாமலே படம் கிடைத்துவிடுகிறது.

கோட்டைத் தாண்டிய பிறகு

2008 டெர்பியில் பிக் பிரவுன் ஜெயித்தது. எல்லா லென்ஸும் அதன் மேல். இரண்டாவதாக வந்த எய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை, கோட்டைத் தாண்டி வேகம் குறைத்துக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்தது. இரண்டு முன்னங்கால்களிலும் எலும்பு முறிவு. அங்கேயே, ஓடுபாதையிலேயே கருணைக்கொலை செய்யப்பட்டது. கொண்டாட்டமும் அதுவும் ஒரே மைதானத்தில், ஒரே நேரத்தில். ஜெயித்த குதிரையை மட்டும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஃப்ரேமில் அன்றைய மிகப் பெரிய செய்தி இல்லவே இல்லை.

2023-ல் டெர்பியை ஒட்டிய சில வாரங்களில் சர்ச்சில் டவுன்ஸில் 12 குதிரைகள் இறந்தன. ஜூனில் பந்தயங்களை எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு மாற்ற வேண்டிவந்தது. குதிரை விழுந்தால் ஊழியர்கள் உடனே திரை பிடிப்பார்கள்.  அதற்குள் எட்டிப் பார்ப்பதா, திரை பிடிக்கும் ஊழியரின் முகத்தோடு நிறுத்திக்கொள்வதா என்பதை அந்த இடத்தில் நிற்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். எடுக்காமலே விட்டால், அழகான படங்கள் மட்டுமே மிஞ்சும். அதுவும் ஒரு வகையில் பொய்தான். எடுப்பது ஒன்று, வெளியிடுவது வேறு. பின்னதைப் பற்றி அலுவலகத்தில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்யலாம். முன்னதற்கு அந்த நேரம் கிடையாது.

ரிச் ஸ்ட்ரைக் விஷயத்திலும் கதை கோட்டோடு முடியவில்லை. வெற்றி வெறியில் இருந்த அது, தன்னை அடக்கி அழைத்துப்போக வந்த காவல் குதிரையைத் திரும்பத் திரும்பக் கடித்தது. அந்தக் குதிரை மேல் இருந்தவர் அதன் முகத்தில் குத்தினார். ஓடி ஜெயித்ததைவிட இந்தக் காட்சிதான் இணையத்தில் அதிகம் சண்டையைக் கிளப்பியது. குதிரையைத் துன்புறுத்தினார் என்று ஒரு தரப்பு, வேறு வழியில்லை என்று இன்னொரு தரப்பு.

அந்த நேரத்தில் பல போட்டோகிராஃபர்கள் கேமராவைக் கீழே இறக்கி, ‘கோட்டில் சரியாக விழுந்ததா?’ என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். படம் விழுந்திருந்தால் உடனே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். விழவில்லையென்றால் வேலிக்கடியில் இருக்கும் கேமராவைத் தேடி ஓட வேண்டும். மண்ணைத் துடைத்து, மெமரி கார்டை உருவி, அதிலாவது உள் வேலியோரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் நேரம் அதிகம் இல்லை. டெர்பி, அன்றைய 14 பந்தயங்களில் 12-வது. இன்னும் இரண்டு பாக்கி.